பயன்பாட்டில் உள்ளதால் நீக்க முடியவில்லை

அன்றைக்கும் பேக்கப் பாதியில் நின்றுபோயிருந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்தப் பாழாய்ப்போன ஹார்ட் டிஸ்க் பல நாளாகவே அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ‘சாதனம் துண்டிக்கப்பட்டது’ என்று எப்போதும் வரும் சிவப்பு வரிக்கு மேலே, அன்று புதிதாக இன்னொரு வரி இருந்தது. ‘சமையலறை என்ற படம் பயன்பாட்டில் உள்ளதால் நீக்க முடியவில்லை.’

யாருடைய பயன்பாட்டில்? அவள் அந்தப் படத்தைத் திறக்கவே இல்லை. வீட்டில் வேறு யாருக்கும் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட உரிமை கிடையாது. தொட்டால் கை ஒடியும் என்று மகளிடம் சொல்லிவைத்திருந்தாள்.

அது வீட்டின் பின்னறை. ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. மழை வந்தால், இரண்டு சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் குழாய் சொட்டுகிற சத்தமும், ஈரச் சுண்ணாம்பு வாசனையும், பட்டப்பகலில் விளக்குப் போடவைக்கிற இருட்டும் ஒன்றாகச் சேர்ந்து அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மேஜைமேல் கம்ப்யூட்டர் சூடாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், கறுப்பாக, சோப்புப் பெட்டி அளவில் அந்த டிஸ்க். உள்ளுக்குள் டிக், டிக் என்றது. கொஞ்சம் விட்டு மறுபடி டிக், டிக். வேலை தெரியாத மருமகளைப் பார்த்து மாமியார் உச்சுக்கொட்டுவாளே, அச்சு அசல் அந்தச் சத்தம்.

“கொட்டு, நல்லா கொட்டு. உன்னைத் தூக்கிக் குப்பையில போடறேன் பாரு” என்றாள் அதனிடம்.

போடத்தான் முடியவில்லை. பள்ளிக்கூடங்களின் ஆண்டு ஆல்பங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது அவள் வேலை. போன முறை கம்ப்யூட்டர் திடீரென்று படுத்துக்கொண்டு, ஒரு வகுப்புப் பிள்ளைகளின் படம் மொத்தமும் போனபோது, ஸ்டுடியோக்காரர் போனிலேயே அவளைத் தோலுரித்துவிட்டார். “ஏம்மா, பல்லு முளைச்ச பசங்களை எல்லாம் மறுபடி பல்லு விழவெச்சுப் படம் எடுக்கச் சொல்றியா? ஒரு பேக்கப் எடுத்து வைக்கத் தெரியாதா? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்தப் பக்கம் வராதே.” அவர் கிடக்கிறார். அவள் பயம் வேறு. சாகக் கிடக்கிற அதே கம்ப்யூட்டரில்தான் அவள் மகள் வாண்டு பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் இருந்தன. புருஷனுக்குக் கப்பலில் வேலை. மகள் குப்புற விழுந்தது, தவழ்ந்தது, முதல் நாள் பள்ளிக்கூட வாசலில் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதது, எல்லாவற்றையும் அவர் அந்தப் படங்களில்தான் பார்த்தார். ‘வாண்டு’ என்று ஒரு ஃபோல்டர். ‘அப்பா’ என்று ஒன்று. அவள் படங்களுக்கு ‘அம்மா’ என்று ஒன்று. எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்ட புதிதில் வாண்டுவே விசைகளைத் தேடித்தேடிக் குத்தி வைத்த பெயர். அந்தப் படங்கள் போனால் அவளிடம் வேறு பிரதி கிடையாது.

டிஸ்க் பரணில் கிடைத்தது. குடிவந்து ஒரு வருஷம் கழித்துப் பரணைத் துடைக்க ஏறினால், மூலையில் ஒரு பிஸ்கட் டின்; உள்ளே பழைய துணியில் சுற்றி, அந்துருண்டை போட்டு, கேபிளோடு இது. யாரோ பட்டுப்புடவையைப் போல் பத்திரப்படுத்தியிருந்தார்கள். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப் போனதாக இருக்கும். இருக்கிறதை வைத்துக்கொண்டு எதற்குப் புதிது வாங்குவது என்று அவள் எடுத்துக்கொண்டாள். திறந்து பார்த்தபோது பழைய படங்கள் கொஞ்சம் இருந்தன. எல்லாம் இதே வீடு. இதே சமையலறை, இதே ஜன்னல், சுவர் மட்டும் அப்போது பச்சை. ‘தங்கம்’ என்ற ஃபோல்டரில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண். அந்தப் பெண் பக்கத்தில் எல்லாப் படத்திலும் ஒரு பொம்பளை, எல்லாவற்றிலும் முதுகைக் காட்டியபடி. பாத்திரம் கழுவுகிறாள், துணி மடிக்கிறாள், பெண்ணுக்குத் தலை பின்னுகிறாள். ஒன்றிலாவது திரும்பினால் என்ன, குடியா முழுகிவிடும்?

அந்தப் படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமையில்லை. அதனால் பேக்கப்பை ‘மிரர்’ என்ற முறையில் வைத்தாள். கண்ணாடி மாதிரி: இடது பெட்டியில் கம்ப்யூட்டர், வலது பெட்டியில் டிஸ்க், நடுவில் ஒரு அம்புக்குறி. கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் டிஸ்குக்குப் போகும். கம்ப்யூட்டரில் இல்லாதது எதுவும் டிஸ்கில் இருக்கக் கூடாது, அதுவே அழித்துவிடும். தினமும் சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்துக்குத் தானாக ஓடும். அந்தப் பொம்பளையும் பெண்ணும் ஒரே சாயங்காலத்தில் துடைத்துப் போட்டது போலப் போய்விடுவார்கள் என்று நினைத்தாள்.

போகவில்லை. டிஸ்க் உச்சுக்கொட்டியது. துண்டித்துக்கொண்டது. இப்போது, பயன்பாட்டில் இருக்கிறதாம்.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதே தொழிலாக இருக்கிற தம்பியைப் போனில் பிடித்தாள்.

“போர்ட்டை மாத்திப் பாத்தியாக்கா?”

“பாத்துட்டேன்.”

“டிஸ்க் செக் ஓட்டினியா?”

“அதெல்லாம் ஓட்டியாச்சு. எல்லாம் நல்லா இருக்குன்னு பொய் சொல்லுது.”

“அப்ப கேபிளா இருக்கும். பழசு, லூசா இருக்கும். நான் ஒண்ணு கொண்டுவந்து தரேன். அதுக்குள்ள ஒரு டெஸ்ட் பண்ணு. அந்த அம்புக்குறி இருக்குல்ல, அதைத் திருப்பிவிட்டு, டிஸ்க்ல இருந்து கம்ப்யூட்டருக்கு ஏதாவது வருதான்னு பாரு. வந்தா டிஸ்க் உயிரோட இருக்குன்னு அர்த்தம். ஆனா தனியா ஒரு காலி ஃபோல்டர் வெச்சுப் பண்ணுக்கா. இருக்கிறதுல கை வைக்காதே.”

“சரி சரி, எனக்குத் தெரியும்.”

காலி ஃபோல்டராவது ஒன்றாவது. தினமும் ஓடுகிற அதே பேக்கப்பிலேயே அம்புக்குறியைத் தட்டினாள். அது வலமிருந்து இடமாகத் திரும்பிக்கொண்டது. ஓடவிட்டாள். டிஸ்க் உச்சுக்கொட்டவில்லை. முதல் தடவையாக, வயிறு நிறையச் சாப்பிட்ட பூனை மாதிரி மெல்ல முனகிக்கொண்டு ஓடியது. ‘அட’ என்று அவள் முன்னால் குனிந்த நேரத்தில், குளியலறையிலிருந்து வாண்டு கத்தினாள். கண்ணில் சோப்பு. ஊரே கூடிவிடும்படி ஒரு கத்தல். ஓடிப்போய்க் கண்ணைக் கழுவி, தலை துவட்டி, சோறு ஊட்டி, வீட்டுப்பாடம் எழுதவைத்துத் திரும்பி வந்தபோது டிஸ்க் வழக்கம்போலத் துண்டித்துக்கொண்டிருந்தது. சனியன் என்று கம்ப்யூட்டரை மூடினாள். அம்புக்குறி அவள் நினைவிலேயே இல்லை.

மறுநாள் காலை சீப்போடு நின்றபோது வாண்டு முரண்டு பிடித்தாள்.

“ஒத்தைப் பின்னல் வேணாம். எப்பவும் போலப் போடு.”

“எப்பவும் இதைத்தான்டி போடறேன்.”

“இல்ல. ரெட்டைப் பின்னல்தான் போடுவே. நேத்துகூடப் போட்டே.”

அவள் சிரித்தாள். வாண்டு சிரிக்கவில்லை. கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்கிற பெரியவர்களைக் குழந்தைகள் பார்க்கிற பார்வை. வேனுக்கு நேரமாகிவிட்டதால் ரெட்டையாகவே பின்னி அனுப்பினாள். பின்னுகையில் விரல் சிக்கியது. முடியிலிருந்து லேசாக அந்துருண்டை வாசனை வந்தது. துண்டில் ஏறியிருக்கும் என்று நினைத்துத் துண்டைத் துவைக்கப் போட்டாள்.

ஒவ்வொரு சாயங்காலமும் அது ஓடியது. ஒவ்வொரு சாயங்காலமும் கொஞ்ச தூரம் போய்த் துண்டித்துக்கொண்டது. தலைக்குமேல் வேலை, ஆல்பத்தின் பக்கங்கள் பாக்கி, சிவப்பு வரியைப் பார்ப்பாள், வாய்க்கு வந்தபடி திட்டுவாள், மூடுவாள். வரியில் பெயர் மாறிக்கொண்டிருந்ததை அவள் உற்றுப் பார்க்கவில்லை. சமையலறை என்று இருந்த இடத்தில் இப்போது வேறு ஏதேதோ ‘பயன்பாட்டில் உள்ளதால் நீக்க முடியவில்லை’ என்று வந்தது.

வீடுதான் அவளிடம் மல்லுக்கு நின்றது. சமையலறையில் உப்பு டப்பா இருந்த இடத்தில் இருக்கவில்லை. விளக்கு சுவிட்சுக்குக் கை நீட்டினால் வெறும் சுவர் தட்டுப்பட்டது. சுவிட்ச் கதவுக்கு மறுபக்கம் இருந்தது, எண்ணெய்ப் பிசுக்கோடு, வருஷக் கணக்காக அங்கேயே இருந்த மாதிரி. அவர்களே கையால் நீலம் அடித்த படுக்கையறைச் சுவரில், மழை ஊறிய இடத்தில் பெயிண்ட் உரிந்து, அடியிலிருந்து பச்சை தலைகாட்டியது. முதல் நாள் உள்ளங்கை அளவு. பிறகு கதவளவு. குளியலறைச் செருப்புக்குள் அவள் கால் நுழையவில்லை, குதிகால் வெளியே நின்றது. செருப்பின் உட்புறத்தில் விரல்கள் அழுத்தி அழுத்திப் பதிந்த குழிகள் இருந்தன. சின்னப் பாதம். அவள் பாதம் அல்ல.

சுவர் உரிவதைப் பார்க்க வீட்டுக்கார அம்மா குடையோடு வந்தாள். வாசலில் நின்றே சுவரைப் பார்த்தாள்.

“இந்தப் பச்சை நல்லாத்தானே இருக்கு. எதுக்கு நீலம் அடிச்சீங்க?”

“இதுக்கு முன்னாடி யாரு குடியிருந்தாங்க?”

“அப்பனும் பொண்ணும்.”

“அந்தப் பொண்ணோட அம்மா?”

வீட்டுக்கார அம்மா வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள். எதையோ தேடிப் பையைத் துழாவுகிறவள் முகம். “அம்மா... இருந்திருக்கணுமே. இல்லாம எப்படி? ஆனா ஞாபகம் வரமாட்டேங்குது பாரு. ஒருநாள் அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டேன், உங்கம்மா எங்கன்னு. எந்த அம்மான்னு என்னையே திருப்பிக் கேட்டுச்சு.” குடையை உதறினாள். “சரி, உங்க மேடம் வந்ததும் சொல்லு, வாடகை விஷயமாப் பேசணும்னு.”

“எந்த மேடம்? நான்தானே...”

வீட்டுக்கார அம்மா அதற்குள் தெருவில் இறங்கி மழையில் போய்க்கொண்டிருந்தாள். கிழம், புத்தி பிசகிவிட்டது என்று அவள் கதவை அறைந்து சாத்தினாள். சாத்திய பிறகும் கை தாழ்ப்பாளிலேயே இருந்தது.

அன்று மாலை வாண்டு வீட்டுப்பாட நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: “என்னை வாண்டுன்னு கூப்பிடாதே. தங்கம்னு கூப்பிடு. அம்மா அப்படித்தான் கூப்பிடுவாங்க.”

“நான்தான்டி அம்மா.”

வாண்டு நிமிர்ந்தாள். “ஆமா, நீயும்தான்” என்றாள்.

நீயும்.

அவள் பின்னறைக்கு ஓடினாள். ‘வாண்டு’ ஃபோல்டரைத் திறந்தாள். தவழ்கிற படத்தில் குழந்தைக்குப் பின்னால் நீட்டியிருந்த அவள் கைகள் இல்லை. வேறு கைகள் இருந்தன. மெலிந்தவை, மணிக்கட்டில் தழும்போடு. பள்ளிக்கூட வாசல் படத்தில் வாண்டு ஒரு காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். புடவை பச்சை. அவளிடம் பச்சைப் புடவையே கிடையாது. ஒன்று, இன்னொன்று, அடுத்தது. எல்லாவற்றிலும் அந்த முதுகு. ‘அம்மா’ ஃபோல்டரில் மட்டும் அவள் இருந்தாள். அதுவும் பாதிப் படங்கள்தான் மிச்சம்.

டிஸ்க்தான் கம்ப்யூட்டரைக் கெடுக்கிறது, படங்களைத் தின்கிறது. மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும். எப்படியாவது ஒரே ஒரு முழு பேக்கப். ஒன்றே ஒன்று முடிந்தால் போதும். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

புருஷனுக்குப் போன் போட்டாள். கடல் இரைச்சல். “ஹலோ, யாரு?” என்றார். அவள் பெயரைச் சொன்னாள். இரைச்சல். “ராங் நம்பர்ங்க” என்றார், மரியாதையாக. வெளியாட்களிடம் அவர் அப்படித்தான் பேசுவார்.

மறுநாள் மதியமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்டுடியோக்காரர் கூப்பிட்டார். அவள் ஹலோ சொல்லி வாயை மூடுவதற்குள், “மேடம் இல்லையா? மேடம்கிட்ட குடும்மா” என்றார். “நான்தான் சார்” என்றாள். “விளையாடாதேம்மா, எனக்கு வேலை கிடக்கு. மேடம் குரல் எனக்குத் தெரியாதா” என்று வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அழைப்புமணி. தம்பி. மழைக்கோட்டில் தண்ணீர் சொட்ட நின்றான். அவனைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் அவன் மூக்கைச் சிந்திவிட்டவள் அவள்.

“வாடா, உள்ள வா. எனக்கு என்னமோ பயமா இருக்குடா.”

அவன் உள்ளே வரவில்லை. கையிலிருந்த பொட்டலத்தை நீட்டினான். “கேபிள் கேட்டிருந்தாங்க. அக்காகிட்ட குடுத்துடுங்க.”

“டேய், கொழுப்பா? அடி வாங்கப்போறே.”

அவன் புன்னகைத்தான். பழக்கமில்லாதவர்களிடம் புன்னகைக்கிற மாதிரி, உதடு மட்டும். அவள் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். “சமைக்கிறாங்களா? சரி, தொந்தரவு பண்ணல. நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லிடுங்க.”

உள்ளே யாரும் சமைக்கவில்லை.

அவன் வண்டி திருப்பம் தாண்டுகிற வரைக்கும் பெயர் சொல்லிக் கத்தினாள். எதிர்வீட்டு ஜன்னலில் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, முன்பின் தெரியாத பைத்தியம் எதுவோ என்பதுபோல் ஜன்னலைச் சாத்திக்கொண்டான்.

பொட்டலத்தைக் கிழித்தாள். கேபிள் தடியாக, புதிதாக இருந்தது. டிஸ்கில் செருகினாள். ‘க்ளக்’ என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மறுமுனை கம்ப்யூட்டரில். சாயங்காலம்வரை காத்திருக்க அவளால் முடியாது. இப்போதே. ‘தொடங்கு.’

ஓடியது. உச்சுக்கொட்டவில்லை. துண்டிக்கவில்லை. பச்சைக் கோடு இடமிருந்து வலமாக, தடங்கலே இல்லாமல், எண்ணெய் ஊற்றிய மாதிரி நகர்ந்தது. பாதி. பாதிக்கு மேல். இவ்வளவு தூரம் இதுவரை வந்ததே கிடையாது. அவள் நாற்காலியில் சாய்ந்தாள், கைகளைக் கோத்துக்கொண்டாள், அப்பாடா என்றுகூடச் சொன்னாள். எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேருகிறது. முடிந்ததும் டிஸ்கைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வாண்டுவை அழைத்துக்கொண்டு, இந்த வீட்டை விட்டே போய்விடலாம்.

பின்பக்கம் சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

அவள் திரும்பவில்லை. கண் திரையிலேயே இருந்தது. இடது பெட்டி. கம்ப்யூட்டர். வலது பெட்டி. டிஸ்க். நடுவில் அம்புக்குறி.

அம்புக்குறியின் மூக்கு இடப்பக்கம் பார்த்திருந்தது.

வலமிருந்து இடமாக. டிஸ்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு. டிஸ்கில் இருப்பதெல்லாம் இங்கே வரும். டிஸ்கில் இல்லாதது எதுவும் இங்கே இருக்கக் கூடாது.

சோப்பு. வாண்டுவின் கண்ணில் சோப்பு. அன்றைக்குத் திருப்பியதை அவள் மறுபடி திருப்பவே இல்லை. இத்தனை நாளும் அந்த ஓட்டைக் கேபிள்தான், துண்டித்துத் துண்டித்து, அவளை மிச்சம் வைத்திருந்தது. அதையும் அவளே சரிசெய்துவிட்டாள்.

‘நிறுத்து’ என்ற பொத்தானை அழுத்தினாள். நகரவில்லை. மறுபடி. மறுபடி. கேபிளைப் பிடித்து இழுத்தாள். பிடி வழுக்கியது. நகத்தைக் கொடுத்து நெம்பினாள், நகம் உடைந்தது, ரத்தம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. கேபிள் கையோடு வந்தது.

டிஸ்க் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முனகல். கோடு நகர்ந்தது.

சமையலறையில் தட்டு வைக்கும் சத்தம். ஒன்று. இரண்டு. இரண்டே தட்டு.

வாசலில் வேன் ஹாரன்.

“அம்மா!”

அவள் பாய்ந்து ஓடினாள். ஹாலில் வாண்டு, முழுக்க நனைந்து, ஷூவோடு. ரெட்டைப் பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் மண்டியிட்டுக் குழந்தையின் கையைப் பிடித்தாள். சின்னக் கை அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டது. சூடாக. இறுக்கமாக. எப்போதும் ரோட்டைக் கடக்கும்போது பிடிப்பதைப் போல.

“என்னம்மா? ஏன் அழறே?”

அம்மா என்கிறாள். தெரிகிறது. இன்னும் தெரிகிறது. அவள் வாண்டுவை இழுத்து அணைத்துக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியே பின்னறைத் திரையைப் பார்த்தாள். கோடு நின்றிருந்தது. முனைக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றிருந்தது. சிவப்பில் ஒரே ஒரு வரி.

‘அம்மா பயன்பாட்டில் உள்ளதால் நீக்க முடியவில்லை. மீண்டும் முயல்கிறது.’

“கையை விடாதே” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. “வாண்டு, என்ன ஆனாலும் கையை மட்டும் விடாதே. வா, போயிடலாம். வா.”

எழுந்தாள். வாசலுக்குத் திரும்பினாள். இரண்டு எட்டு வைத்தால் தெரு.

டிக், டிக்.

பின்னறையிலிருந்து வரவில்லை. சமையலறை வாசலிலிருந்து வந்தது. நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுக்கிற சத்தம். ஈரச் செருப்பு தரையில் சப்பு சப்பென்று வந்து நின்றது. வீடு முழுக்க அந்துருண்டை.

“தங்கம். நனைஞ்சுட்டு வந்திருக்கியே. வா, தலை துவட்டிவிடறேன்.”

பச்சைப் புடவை. தோளில் துண்டு. மணிக்கட்டில் தழும்பு. ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தது அது. முதுகைக் காட்டவில்லை. இப்போது முகத்தைக் காட்டி நின்றது. அந்த முகம் வாண்டுவைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தது. பொறுமையாக. நெடுநாள் தன்னை அழிக்கப் பார்த்தவளை, கடைசியில் வாசலில் வைத்துப் பார்ப்பதைப் போல.

“கையை விடு, தங்கம். முன்ன பின்ன தெரியாதவங்க கையைப் பிடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?”

வாண்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பயமில்லாமல். அழாமல். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கேள்விக்கு விடை தெரியாத குழந்தையாக.

“வாண்டு. நான்டி. அம்மாடி.”

அவள் குழந்தையின் கையை இறுக்கினாள். இறுக்க விரல்களில் பலம் இல்லை. காற்றைப் பிடிப்பதுபோல் இருந்தது. பிடித்திருந்தது வாண்டு மட்டும்தான்.

“இவங்க யாரும்மா?” என்று வாண்டு கேட்டாள், சமையலறை வாசலில் நின்ற அதனிடம்.

டிக், டிக்.

கட்டைவிரல் விலகியது. பிறகு ஆள்காட்டி. நடுவிரல், தயங்கி. மோதிரவிரல். மழைத்தண்ணீரில் ஊறிச் சுருங்கிய சுண்டுவிரல் மட்டும் அவள் விரலைச் சுற்றி இன்னும் கொக்கி போட்டிருந்தது. ரோட்டைக் கடந்த பிறகும் கொஞ்ச தூரம் விடாமல் வருமே, அதே விரல்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கொக்கி நிமிர்ந்தது.